மெத்தென்று ஒரு பிரஷ்

மேவிஸ் போனை வைக்கிற வழியாகத் தெரியவில்லை. ஜன்னல் துடைக்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் அந்தத் தகரக் கொட்டகையில் டெஸ் கல்லா ஓரமாக நின்று காத்திருந்தான். வாங்கின வாளி ஒழுகுகிறது என்று எவனோ போனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். அது ஒழுகவில்லை, அவன்தான் தளும்பத் தளும்பத் தூக்குகிறான் என்று மேவிஸ் பொறுமையாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்று கொட்டாவி விட்டார்கள்.

மேவிஸ் போனின் வாயைப் பொத்திக்கொண்டு, "உனக்கு என்ன கண்ணு?" என்றாள்.

"பிளாஸ்டிக் கூரைக்குப் பிரஷ்."

"அந்த மூலை வாளியில கிடக்கு. தொட்டுப் பாரு, தெரியும்."

அதுதான் சிக்கல். பிரஷ் வாங்க எப்போதும் அவன் மனைவி நோரீன்தான் வருவாள். ஜன்னல் துடைப்பது அவள் தொழில். ஸ்வெட்டர் கையை மேலே தள்ளிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மணிக்கட்டின் உள்பக்கத்தில் பிரஷ்ஷை இழுத்துப் பார்ப்பாள். தோல் கூசினால் வாங்கலாம், உறுத்தினால் வாங்கக் கூடாது. கண்ணாடியை எப்படித் தேய்த்தாலும் அது மன்னித்துவிடும். பிளாஸ்டிக் அப்படியல்ல, ஒரு கீறல் விழுந்தால் விழுந்ததுதான். பிறகு அந்தக் கீறலில் அழுக்கு ஏறும், அழுக்கில் பாசி ஏறும். இன்று வண்டி நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் நிறுத்தியிருந்ததால் அவளால் இறங்க முடியவில்லை. பழைய பிரஷ்ஷின் தலை வழுக்கையாகிவிட்டது. "நான் போய் எடுத்துட்டு வரேன், இதென்ன பெரிய வித்தையா?" என்று டெஸ் வாய் விட்டுவிட்டான்.

வாளியில் இருந்த மூன்று பிரஷ்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் தடவினான். மூன்றும் ஒன்றுபோல இருந்தன. உண்மையில் எதுவுமே இல்லாததுபோல இருந்தது. குளிரில் அவன் விரல்கள் இரண்டாவது கணு வரை வெளுத்து மெழுகுவர்த்தியாகியிருந்தன. இளவட்டமாக இருந்த நாளிலிருந்து போன வருஷம் கம்பெனி வெளியே அனுப்பும் வரை ரோடு உடைக்கும் இயந்திரத்தைப் பிடித்த கை அது. கம்பெனி டாக்டர் பரிசோதித்துவிட்டு, கையில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லியிருந்தார். படித்தவர் சொன்னதை டெஸ்ஸும் பாதி நம்பித்தான் வைத்திருந்தான்.

நோரீனைப்போல மணிக்கட்டில் இழுத்துப் பார்த்திருக்கலாம். கன்னத்திலாவது வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் பின்னால் மூன்று ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்க ஒரு ஆம்பிளை பிரஷ்ஷைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு நிற்பது எப்படி?

சோதித்துப் பார்ப்பதற்காகவே மேவிஸ் கல்லா மேல் ஒரு துண்டு பிளாஸ்டிக் கூரைத் தகட்டை ஆணி அடித்து வைத்திருந்தாள். அந்த வட்டாரத்து ஜன்னல்காரர்கள் அத்தனை பேரும் பல வருஷமாகத் தேய்த்துப் பார்த்த தகடு அது. நீளமான வெள்ளை இழைகளும் நீலக் கைப்பிடியும் கொண்ட பிரஷ்ஷை எடுத்து டெஸ் அதில் நாலு தேய்ப்புத் தேய்த்தான். குனிந்து பார்த்தான். புதுக் கீறல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. படாது. கீறல் விழ அதில் இடமே கிடையாது.

அது கல்தரை தேய்க்கிற பிரஷ். எவனோ எடுத்துப் பார்த்துவிட்டு வாளி மாற்றிப் போட்டுப் போயிருந்தான்.

"கிடைச்சுதா?" என்றாள் நோரீன். ஒரு கையில் ஸ்டீயரிங்கும் இன்னொரு கையில் பன்றிக்கறி வைத்த ரொட்டியுமாக இருந்தாள்.

"பஞ்சு மாதிரி."

அவள் திரும்பிப் பார்த்தாள். வெள்ளையாக, நீளமாக, சாதுவாகத்தான் இருந்தது. "பரவாயில்லையே, என் புருஷன் தொழில் கத்துக்கிட்டான்" என்று சொல்லி மிச்ச ரொட்டியை அவன் வாயில் திணித்தாள். டெஸ்ஸுக்கு உள்ளூர ரொம்பச் சந்தோஷம்.

அவர்கள் போய்க்கொண்டிருந்தது கிரிம்ஸ்பி என்ற மீன்பிடி ஊருக்கு வெளியே, கடலைப் பார்த்த ஒரு முதியோர் குடியிருப்புக்கு. எல்லாம் மாடியில்லாத தாழ்வான வீடுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கண்ணாடி அறை, அதன் தலைமேல் பிளாஸ்டிக் கூரை. கடற்பறவைகள் எச்சமிட அதைவிட நல்ல இடம் அந்தக் கரையில் கிடையாது. இன்று ஒரே ஒரு கூரையைச் செய்து காட்ட வேண்டும். மேலாளர் லோமாக்ஸுக்குப் பிடித்துவிட்டால் குடியிருப்பு முழுவதும் அவர்களுக்கு, வருஷம் பூராவும் வேலை. பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை டெஸ் மீன் கம்பெனியின் குளிர்கிடங்கில் போய் நிற்க வேண்டியதுதான். அவன் கைகள் இருக்கிற இருப்புக்கு அந்த இடத்துக்கு அவனை அனுப்ப நோரீனுக்கு மனசில்லை. விரல் வெளுப்பதை அவள் பார்த்திருக்கிறாள். 'கொஞ்சம் மரத்துப்போகும், அவ்வளவுதான்' என்று அவன் சொன்னதை அப்படியே நம்பியிருந்தாள்.

கூரைக்குச் சொந்தக்காரி டான்ஸ்லி அம்மா. ஒரு காலத்தில் மீன் அறுக்கும் கூடத்தில் நாற்பது பெண்களை மேய்த்தவள். இப்போது மேய்க்க ஆளில்லாததால், கூரைக்கு நேர் கீழே கண்ணாடி அறையில் நாற்காலி போட்டு, டீயோடு உட்கார்ந்து, வந்தவர்களை மேய்த்தாள்.

"தம்பி, அந்த மூலையில ஒரு பறவை ரெண்டு வருஷமாக் குடும்பம் நடத்துது. அதை நல்லாத் தேய்."

"தேய்ச்சுரலாம்மா."

"போன தடவை வந்தவனும் இதேதான் சொன்னான்."

டெஸ் ஏணியில் ஏறினான். பிரஷ்ஷைக் கம்பில் மாட்டி, கம்புக்குள் ஓடும் குழாயில் தண்ணீர் வந்ததும் முதல் தகட்டில் வைத்தான். நோரீன் முன்வாசலில் வண்டியிலிருந்த தண்ணீர்த் தொட்டியின் குழாயை முடுக்கிக்கொண்டிருந்தாள். பாசி கழன்று பச்சைத் தண்ணீராக வழிந்தது. எச்சம் மறைந்தது. டெஸ்ஸுக்கு உற்சாகம் வந்துவிட்டது, தோளைக் கொடுத்துத் தேய்த்தான்.

நோரீனுக்குச் சத்தம்தான் முதலில் கேட்டது. நல்ல பிரஷ் பிளாஸ்டிக்கில் போனால் உஸ்ஸென்று இருக்கும். இது வறட்டி சுரண்டுவதுபோல வறவறவென்றது. கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"இறங்கு."

"ஒரு தகடுதான் ஆச்சு."

"இறங்குய்யா."

அவன் இறங்கினான். அவள் பிரஷ்ஷை வாங்கித் தன் மணிக்கட்டில் ஒரு இழுப்பு இழுத்தாள். தோலில் சிவப்பாகக் கோடுகள் எழுந்தன. அவனைத் திட்டத்தான் வாயெடுத்தாள். பிறகு என்னவோ தோன்றி அவன் கையைப் பிடித்து, உள்ளங்கையை மேலே திருப்பி, விரல்நுனிகளில் அதே பிரஷ்ஷை இழுத்தாள்.

"எப்படி இருக்கு?"

"மெத்துன்னு."

அவள் நன்றாக அழுத்தினாள். "இப்ப?"

டெஸ் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு குனிந்து தன் விரல்களைப் பார்த்தான். "அழுத்துறியா?" என்றான்.

நோரீன் பிரஷ்ஷைக் கீழே போட்டாள். குழாயிலிருந்து தண்ணீர் அவர்கள் காலடியில் போய்க்கொண்டிருந்தது.

"டாக்டர்கிட்ட இதைச் சொல்லலையா நீ?"

"சொன்னேன். அவர் பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. ஜூலை மாசம். ரூமுக்குள்ள சூடா வேற இருந்துச்சா, ஊசியால குத்தினார், வலிச்சுது. வலிக்குதான்னு கேட்டார், ஆமான்னேன். அப்படின்னா சரியா இருக்குன்னுட்டார்."

"குளிர்லதான் இப்படி ஆகும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. குளிர் வரும்போது கையுறை போட்டுக்கங்கன்னார்."

நோரீனுக்கு அவன்மேல் கோபம் வந்தது. ஒரு வருஷமாக மறைத்திருக்கிறான், மடையன். கோபத்தைவிட அதிகமாக அவன்மேல் பிரியம் வந்தது. அவன் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துத் தன் கோட்டுக்குள் அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டாள். பனிக்கட்டி இரண்டை வைத்ததுபோல இருந்தது. அவள் விடவில்லை.

கண்ணாடியில் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. "கொஞ்சறதை வீட்ல போய் வச்சுக்கங்க" என்றாள் டான்ஸ்லி அம்மா. "தலைக்கு மேல ஒரே கோடா இருக்கே, என்ன அது?"

மேகம் விலகி வெயில் அந்தத் தகட்டில் விழுந்திருந்தது. கீறல்கள் வட்டவட்டமாக மின்னின. மற்ற தகடுகள் அழுக்காக, முழுசாக, ஒரு குறையுமில்லாமல் இருந்தன.

அந்த நேரம் பார்த்து லோமாக்ஸ் வந்தான். முப்பது வயது இருக்கும், நல்ல கம்பளிக் கோட்டு போட்டிருந்தான். அண்ணாந்து பார்த்தவன் முகம் சுருங்கியது.

"யார் பண்ணினது இது?"

டெஸ் கோட்டுக்குள்ளிருந்து கைகளை உருவிக்கொண்டு வாயைத் திறந்தான்.

"நான்தான்" என்றாள் நோரீன். "தப்பான பிரஷ்ஷை எடுத்துட்டேன். தகட்டை எங்க செலவுல மாத்தித் தர்றோம். இவருதான் பாத்து நிறுத்தினாரு."

லோமாக்ஸ் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். "அப்படியா, டான்ஸ்லி அம்மா?"

கிழவி டீயை ஒரு வாய் உறிஞ்சினாள். டெஸ்ஸைப் பார்த்தாள், நோரீனைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணுதான்" என்றாள். "சொல்லச் சொல்லக் கேக்காம ஏறிட்டா. தம்பி தங்கமான ஆளு."

லோமாக்ஸ் கோட்டுப் பையில் கைவிட்டபடி கொஞ்சம் யோசித்தான். "போன தடவை வந்தவங்க ஏழு கூரையைக் கீறிட்டு, பறவை நகம் பட்டுடுச்சுன்னாங்க. நீங்களாவது ஒத்துக்கிட்டீங்க" என்றான். பிறகு டெஸ்ஸின் தோளையும் மார்பையும் அளந்து பார்த்தான். "நீங்க இதுக்கு முன்னாடி?"

"ரோடு வேலை."

"அதானே. கையைப் பாத்தாலே தெரியுது." லோமாக்ஸுக்கு முடிவு வந்துவிட்டது. "சரி. குடியிருப்பு முழுசும் உங்களுக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. கூரை பூரா இவர்தான் செய்யணும். அம்மா, நீங்க ஜன்னல் துடைக்கிறதோட நிறுத்திக்கங்க. பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு ஏணிப்பக்கம் வந்தீங்கன்னா அன்னிக்கே வேலை போச்சு. முதல் சுற்று மார்ச்சுக்குள்ள முடியணும்."

நோரீன் கணக்குப் போட்டுப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, அத்தனை குளிர் மாதமும் இவன் கை ஈரத்தில் கிடக்கும். அவள் டெஸ்ஸைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஆகட்டுங்க" என்றான் டெஸ்.

"ரொம்பச் சந்தோஷம்" என்று லோமாக்ஸ் கையை நீட்டினான். டெஸ்ஸும் நீட்டினான். லோமாக்ஸ் நல்ல மனுஷன்தான், இறுக்கிப் பிடித்து இரண்டு தடவை குலுக்கினான். பிறகு கிழவியிடம் விடைபெறக் கண்ணாடிப் பக்கம் திரும்பினான். டெஸ் மரியாதையாகக் கையை நீட்டியபடியே நின்றான். கொஞ்சம் கழித்து, லோமாக்ஸ் தன் கையை விட்டுவிட்டானா என்று குனிந்து பார்த்தான்.