மோட்டார் ரூமில் ஒரு கேமரா

2024 மார்ச் 5, செவ்வாய்க்கிழமை. கோம்பைக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள ஐந்து பங்குக் கிணற்றில், காலை ஒன்பது மணிக்கு ஓட வேண்டிய மோட்டார் ஓடவில்லை.

அன்று வேல்விழியின் முறை.

அந்தக் கிணற்றுக்கு ஐந்து பங்காளிகள். ஒரே மோட்டார், ஒரே மோட்டார் ரூம், ஆளுக்கொரு சாவி. ஐந்து நாளைக்கு ஒருமுறை ஒருவருக்குத் தண்ணீர். தொடர்ந்து மூன்று முறை பாய்ச்சாதவரின் பங்கை மற்ற நால்வரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது கட்டு. நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனவர்களுக்காக எப்போதோ பேசி வைத்தது. ஏன் பாயவில்லை என்று யாரும் விசாரிப்பதில்லை. மண் நனைந்ததா, இல்லையா, அவ்வளவுதான்.

வேல்விழி காலை ஆறு மணி ஜீப்பில் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவள். முறை நாளில் விடிவதற்குள் கிணற்றுக்குப் போய்த் தன் வால்வைத் திறந்து வைத்துவிட்டு ஜீப்பைப் பிடிப்பாள். ஒன்பது மணிக்கு மும்முனைக் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாகவே ஓடும், மூன்று மணிக்கு நிற்கும். அன்று மாலை வந்து பார்த்தால் தென்னை மூட்டில் மண் புழுதியாகக் கிடந்தது. மோட்டார் ரூமில் மோட்டாருக்குக் கரண்ட் போகிற பீஸ் கட்டை மூன்றும் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தன. அதில் ஒன்றில் மட்டும் புதிதாக விரல் தடம்.

யார் விரல் என்று அவளுக்குத் தெரியும். பெரியப்பா மகன் பாண்டீஸ்வரன். அப்பா தன் பங்கை ஒரே மகளான வேல்விழி பெயருக்கு எழுதி வைத்த நாளிலிருந்து அவர் அவள் வீட்டு வாசல்படி மிதித்ததில்லை. "கட்டிக் குடுத்த பிள்ளைக்குக் கிணத்துல என்ன பங்கு?" என்று டீக்கடையில் சொல்வார், அவள் காதில் விழுகிற மாதிரி.

போடியிலிருந்து ஜோஷ்வாவை வரச் சொன்னாள். கடைகளுக்குக் கேமரா மாட்டுகிறவன். அவன் மோட்டார் ரூமைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கன போன் டவரே எடுக்கலயேக்கா. கேமராவுக்குள்ளயே கார்டு போட்டுரலாம்" என்றான்.

"கேமராவோட புடுங்கிக் கிணத்துல எறிஞ்சா?"

"அப்ப பதிவு வீட்டுலதான் இருக்கணும்."

மோட்டார் ரூம் கூரையில் படத்தை ஒயரில்லாமல் அனுப்ப ஒரு சின்னத் தட்டு, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி அவள் வீட்டு மொட்டைமாடியில் அதை வாங்க இன்னொரு தட்டு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். நடுவில் பாண்டீஸ்வரனின் தென்னந்தோப்பு நின்றது. ஜோஷ்வா வீட்டுப் பக்கத்துத் தட்டை இருபதடிக் குழாயில் ஏற்றி, ஓலைகளுக்கு மேலாகப் பார்க்க வைத்தான். டிவி பக்கத்தில் பதிவுப் பெட்டி உட்கார்ந்தது.

"இவ்வளவுக்கு, முறை அன்னைக்கு ஒரு நாள் லீவு போட்டு அங்கனயே உக்காந்துரலாம்லக்கா?"

"ஒரு நாளா? அஞ்சு நாளைக்கு ஒருக்கா, ஆயுசு பூராவுமா? என் பங்குக்கு நானே காவக்காரியா?"

மார்ச் 10, அடுத்த முறை. அன்றும் மண் நனையவில்லை. மாலை பதிவைப் போட்டாள். வெயில், வரப்பு, மேய்கிற ஒரு வெள்ளாடு. 8.50க்குப் படம் கறுத்தது. மூன்று மணிக்கு மறுபடி அதே வெயில், அதே வரப்பு. வெள்ளாட்டை மட்டும் காணவில்லை.

கேமராவுக்கு வேண்டிய ஒருமுனைக் கரண்ட் எந்நேரமும் இருக்கும்; ஆனால் அதுவும் அதே பீஸ் கட்டையிலிருந்துதான் போயிருந்தது. பின்பக்கம் வந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கட்டையைப் பிடுங்கினால் கேமராவும் சேர்ந்து கண்ணை மூடும். இதை ஜோஷ்வாவும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

பாண்டீஸ்வரன் அதோடு விட்டிருக்கலாம். விவசாய இணைப்பில் கேமரா ஓட்டுகிறாள் என்று புகார் கொடுத்தார். பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் லைன்மேன் வந்தார். சட்டப்படி அது தப்புதான். அவர் கேமராவுக்குப் போன ஒயரை அறுத்துச் சுருட்டி வேல்விழியின் கையில் கொடுத்தார். பாண்டீஸ்வரன் கைகட்டி நின்று பார்த்தார்.

மூத்த பங்காளியான குருசாமியும் வந்திருந்தார். "அதக் கழட்டிரு ஆத்தா. செத்த கேமரா எதுக்குச் சுவத்துல?"

"இருக்கட்டும் சித்தப்பா."

"திருஷ்டிக்கா?" என்றார் பாண்டீஸ்வரன். "பூசணிக்கா கட்டுனா இன்னும் நல்லாருக்கும்."

மறுநாள் ஜோஷ்வா ஒரு சோலார் பலகையும் பேட்டரியும் கொண்டுவந்தான். பலகையைக் கூரையில் தென்பக்கம் சாய்த்தான். பாதையிலிருந்து பார்த்தால் தெரியாது. அதை மறைக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை, வெயில் அந்தப் பக்கம்தான். அவன் போன பிறகு ஒரு கரித்துண்டை எடுத்து, கேமராவுக்குக் கீழே சுவரில் பெரிய எழுத்தில் எழுதினாள்: கேமரா ஓடுகிறது. பதிவு வீட்டில்.

பாதையில் எதிர்ப்பட்ட பாண்டீஸ்வரனிடம் நேரிலும் சொன்னாள். "அண்ணே, கேமரா ஓடுது."

"ஒயர அறுத்தது என் கண்ணு முன்னாலத்தா."

"நானும் பாத்தேன். இருந்தாலும் ஓடுது."

"ஓடட்டும், ஓடட்டும். ஓட்டத்துல மலையேறிறாம பாத்துக்க."

மார்ச் 15, மூன்றாவது முறை. வழக்கம்போல விடிவதற்குள் வால்வைத் திறந்துவிட்டு ஜீப் ஏறினாள். இன்றும் மண் நனையாவிட்டால் பங்கு போய்விடும். ஏலச்செடிக்குள் குனிந்து நிற்கும்போதெல்லாம் மணி பார்த்தாள். அங்கேயும் டவர் கிடையாது.

மாலை அவள் இறங்கும்போது ஜீப் நிறுத்தத்திலேயே குருசாமி நின்றார். அவருக்குப் பின்னால் மற்ற இரண்டு பங்காளிகள், சற்றுத் தள்ளிப் பாண்டீஸ்வரன்.

"மூணு முறை ஆயிருச்சுத்தா" என்றார் குருசாமி. குரலில் சந்தோஷமில்லை. "கட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல. கிணத்தடியில வச்சுப் பேசி முடிச்சிருவோம்."

"கிணத்தடியில இல்ல சித்தப்பா, என் வீட்டுல. பதிவு அங்கதான் இருக்கு. எல்லாரும் வாங்க. அண்ணே, நீங்களுந்தான்."

"அங்க எனக்கென்ன வேல?"

"ஓடாத கேமராவுக்குப் பயமா?"

மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாண்டீஸ்வரன் நடந்தார். வாசல்படி மிதித்து உள்ளே வந்தார், ஆனால் உட்காரவில்லை. அவள் வேலைக்குப் போன புடவையோடு டிவியைப் போட்டாள். இன்னும் அவளும் அதைப் பார்த்திருக்கவில்லை.

மூலையில் 15-03-2024. வெயில், வரப்பு. 8.47க்குத் துண்டு போட்ட ஓர் ஆள் பின்பக்கமிருந்து வந்து மோட்டார் ரூமைத் திறந்து உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் பீஸ் கட்டை மூன்றும் இருந்தன. இந்த முறை அவர் நேராகக் கேமராவுக்கே வந்தார். கரி எழுத்தைப் படித்தார். சிரித்தார். பிறகு கேமராக் கண்ணாடியில் முகம் பார்த்து, இடது பக்க மீசையை ஒதுக்கிவிட்டு, வலது பக்கத்தையும் ஒதுக்கினார். டிவி முழுக்கப் பாண்டீஸ்வரன்.

ஒரு பங்காளி இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

"மீச நல்லாத்தான் இருக்கு பாண்டி" என்றார் குருசாமி. "எடுத்த கட்டைய எங்க வச்ச?"

"பொம்பள வீட்டுக்குள்ள பெட்டிய வச்சுக்கிட்டு என்ன வேணா காட்டலாம்" என்று பாண்டீஸ்வரன் வாசலைப் பார்த்துச் சொன்னார்.

"மூணு மணிக்கு நீங்க திரும்பி வந்து கட்டைய மாட்டுனதும் இருக்கும். போடவா அண்ணே?"

அவர் படியிறங்கிப் போனார்.

"இனியாவது கழட்டிரலாமாத்தா?" என்று குருசாமி கேட்டார். "அவனுக்கும் மானம்னு ஒண்ணு..."

"இருக்கட்டும் சித்தப்பா. இன்னொண்ணு வாங்குறேன், பின்பக்கத்துக்கு."

மூன்று முறையும் கணக்கில் சேராது என்று அன்றிரவே முடிவானது. மார்ச் 16, சனிக்கிழமை பாண்டீஸ்வரனின் முறை. அது வேல்விழிக்குத் தரப்பட்டது. மோட்டார் காலை ஒன்பது மணிக்கு ஓடத் தொடங்கி, மூன்று மணிக்கு நின்றது.