டென்சிலின் ஓட்டு

டென்சில் கடலுக்குக் கிளம்பிய திங்கட்கிழமை காலை நான் துணி துவைக்கவில்லை. புருஷன் கடலுக்குப் போகிற அன்று துவைத்தால் அலை அவனை அடித்துக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் துறைமுகத்தில் எல்லோரும் நம்புவது. சபைப் பக்கமே தலைகாட்டாத வீட்டில்கூட அன்றைக்கு வாஷிங் மெஷின் ஓடாது. இன்னொன்றும் உண்டு. கிளம்புகிறவனோடு சண்டை பிடிக்கக் கூடாது. அவன் என்ன சொன்னாலும் சரி என்று தலையாட்டி அனுப்ப வேண்டும். நான் வாய்க்காரி, ஊருக்கே தெரியும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் கிளம்புகிற நாட்களில் மட்டும் எத்தனை சண்டையை முழுங்கியிருப்பேன் என்று யோசித்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டே பேசினான்.

"வியாழக்கெழம மறந்துடாத ஜில்லி. என்னோடது வெளிய போறதுக்கு."

"சரி."

"சரியா?"

"சரின்னு சொன்னேன்ல."

வாசலில் நின்று ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தான். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று நாடு முழுக்க ஓட்டுப் போடுகிற வியாழக்கிழமை அது. அன்றைக்கு அவன் கரையிலிருந்து நூறு மைலுக்கு அப்பால் வலை இழுத்துக்கொண்டிருப்பான். அதனால் மாதத் தொடக்கத்திலேயே படிவம் வாங்கி, எனக்குப் பதிலாக என் மனைவி போடுவாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. கடலோடிகள் வீட்டில் இது புதிதுமில்லை. ஒரே சங்கடம், நான் இருப்பதற்குப் போடப்போகிறவள். அது அவனுக்கும் தெரியும்.

அவனுடைய கோபத்தில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். காட் மீன் வலையில் வந்து விழும். ஒன்றியத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கிறவன் போட்ட அளவைத் தாண்டிவிட்டால், செத்த மீனை அப்படியே திரும்பக் கடலில் கொட்ட வேண்டும். ஒருமுறை அப்படிக் கொட்டிவிட்டு வந்து, சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எனக்கே வயிறு எரிந்தது. ஆனால் நான் வேலை செய்வது நண்டுக் கொட்டகையில். நாங்கள் பெட்டியில் அடுக்குகிற நண்டு உயிரோடு லாரியில் ஏறி ஸ்பெயினுக்குப் போகிறது. எல்லையில் லாரியை ஒரு நாள் நிறுத்தினால் நண்டு செத்துப்போகும். நண்டு செத்தால் கொட்டகையும் அவ்வளவுதான்.

கொட்டகையில் என் பக்கத்தில் நிற்பவள் அல்டோனா. லிதுவேனியாக்காரி. பதினோரு வருஷமாக ஒரே மேசையில் நின்று நண்டு உடைக்கிறோம். என் அம்மாவை அடக்கம் செய்த அன்று நாள் முழுக்க என் சமையலறையில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் போட்டுக் கொடுத்தவள். இங்கே வீடு வாங்கி, இரண்டு பெண்களை இங்கேயே பள்ளிக்கு அனுப்புகிறாள். ஒன்றியத்து ஆள் என்கிற உரிமையில்தான் இங்கே இருக்கிறாள்; இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாததால் அவளுக்கு இந்த ஓட்டு கிடையாது.

வியாழக்கிழமை காலை, கொடுக்கைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"உன் புருஷன் எங்க இருக்கான்?"

"கடல்ல."

"ஊர்லயே இல்லாதவனுக்கு ஓட்டு இருக்கு. இங்கயே நிக்கிறவளுக்கு இல்ல. நல்லா இருக்குடி உங்க நாடு. அவன் சீட்ட எனக்குக் குடுத்துடேன்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமல், "நெசமாத்தான் கேட்டேன்" என்றாள். நான் அடுத்த நண்டை எடுத்தேன்.

வேலை முடிந்து, கையில் நண்டு வாடை போகாமலே மெதடிஸ்ட் சபைக் கூடத்துக்கு ஓட்டுப் போடப் போனேன். அங்கே வைத்திருக்கிற பென்சிலால் போட்டால் ராத்திரியோடு ராத்திரியாக அழித்துவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற கிழவர் இரண்டு பேனா கொண்டுவந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். சீட்டுக் கொடுக்கிற மேசையில் உட்கார்ந்திருந்தது எங்கள் ஊர் நூலகக்காரம்மா.

"இது உனக்கு, இது டென்சிலுக்கு. ரெண்டையும் குழப்பிக்காத கண்ணு."

தடுப்புக்குள் போய் இரண்டு சீட்டையும் அருகருகே வைத்தேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. எந்தச் சீட்டில் என்ன போட்டேன் என்று எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. என்னுடையதைச் சட்டென்று போட்டுவிட்டேன். அவனுடையதற்குக் கை வரவில்லை. அல்டோனாவின் குனிந்த தலை கண்ணுக்குள்ளேயே நின்றது. இருபத்தெட்டு வருஷமாக அவன் எதையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்ததில்லை என்பதும் கூடவே வந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, நூலகக்காரம்மா இருமினார். விலகுவதற்கான கட்டத்தில் பெருக்கல் குறி போட்டேன். கோபத்தில் அழுத்திய அழுத்தில் பென்சில் முனை உடைந்தது. பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்ததும் அழுகை வந்துவிட்டது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் முடிவு வந்துவிட்டது. விலகுகிறோம். கொட்டகையில் பாதிப் பேர் கேக் வாங்கி வைத்திருந்தார்கள், பாதிப் பேர் அதைத் தொடவில்லை. அல்டோனா கையுறையை மாட்டாமல் எனக்காகக் காத்திருந்தாள்.

"உங்க வீட்டு ரெண்டு சீட்டும் எங்க போச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் புத்தி எனக்கு இல்லை.

"என்னோடது இருக்கிறதுக்கு. அவனோடது அவன் சொன்னதுக்கு."

"நீயே போட்டியா? உன் கையாலயா?"

"ஆமா. நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்கான்டி."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். தன் பலகையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு கடைசி மேசைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் இடத்தில் வந்து நின்ற, கேக் வாங்கிய கூட்டத்துக்காரி முழு நேரமும் பாட்டுப் பாடினாள். கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

டென்சில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். முடிவு அவர்களுக்குக் கடலிலேயே தெரிந்துவிட்டதாம். படகில் ஒரே கூத்து என்றான். அதைச் சொன்ன குரலில் கூத்து இல்லை. பாதிச் சாப்பாட்டில் கேட்டான்.

"எனக்கு எங்க போட்ட?"

"நீ சொன்ன எடத்துல."

முள்கரண்டி நின்றது.

"நெசமாவா?"

"பின்ன?"

"நீ உனக்குத் தோணினதுக்குத்தான் போடுவேன்னு நெனச்சேன். அன்னைக்கு நீ ஒரு வார்த்த எதுத்துப் பேசல. நீ பேசாம இருந்தா உள்ளுக்குள்ள முடிவு பண்ணிட்டேன்னு அர்த்தம்."

"யோவ், அது கெளம்புற நாளு. கெளம்புற நாள்ல நான் என்னைக்குய்யா எதுத்துப் பேசிருக்கேன்?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெலகணும்னு கத்தினது நாந்தான். இல்லன்னு சொல்லல. ஆனா நாம புடிக்கிற ஹேக் மீன இந்த ஊர்ல எவன் திங்கிறான்? எல்லாம் ஸ்பெயினுக்குத்தான போகுது. ஓட்டுப் போடுற எடத்துல போய் நின்னா என் கை எங்க போடும்னு எனக்கே தெரியல. அதான் உன் கைல குடுத்தேன்."

"அத வாயத் தொறந்து சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?"

"தெருமொனை வரைக்கும் போனதும் உன் இஷ்டப்படி போடுன்னு சொல்லணும்னு தோணுச்சு. வாசலத் தாண்டிட்டுத் திரும்பி வந்தா ஆகாது. படகுல நாலு பேரு வெலகுற கொடியக் கட்டிக்கிட்டு நிக்கிறானுங்க, அவனுங்க காதுல விழற மாதிரி போன்லயா சொல்லுவேன்?"

தட்டைத் தூக்கி எறிய வேண்டும்போல் வந்தது. அந்தப் பென்சிலோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதை இவன் கேட்கவே இல்லை. யாருமே கேட்கவில்லை.

"ஒரு ஓட்டுல என்ன மாறிடப் போகுது, விடு" என்றான்.

"அல்டோனா இப்ப என் மேசைல நிக்கிறதில்ல."

அவன் எழுந்து இரண்டு தட்டையும் எடுத்துப்போய்க் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

திங்கட்கிழமை கொட்டகையில், யாரையும் கேட்காமல் என் பலகையையும் கத்தியையும் தூக்கிக்கொண்டு கடைசி மேசைக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். அவன் ஒன்று நினைத்தான், நான் ஒன்று நினைத்தேன் என்றா? அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? வெளியே ஸ்பெயின் லாரி பின்பக்கமாக வந்து நின்றது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அல்டோனா என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த கொடுக்கை உடைத்துச் சதையை வழித்துப் போட்டாள். பிறகு தன் நண்டுப் பெட்டியை முழங்கையால் ஒரு சாண் தள்ளினாள். மேசையில் ஒரு பலகை வைக்கிற அளவுக்கு ஈரமான இடம் தெரிந்தது. அவள் நிமிர்வாளா என்று பார்த்துக்கொண்டு, பலகையைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.