எண்ணெய் ஊசி

இருளப்பனின் கைநடுக்கம் நின்றுபோன அன்று ஜீவராணிக்கு வாயெல்லாம் பல். ஊசியை நிறுத்தியது தப்பே இல்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முழு நம்பிக்கை வந்தது. பாவி மகள், கொஞ்சம் பயந்திருக்கலாம்.

ருவான்வெல்லை டவுனுக்கு மேலே அந்த ரப்பர் தோட்டத்தில் அவள் புருஷனைப் போல பால் வெட்ட ஆள் கிடையாது. பட்டையை மட்டும் சீவுவான், மரத்துக்குக் காயம் படாது. அப்பன் வழியில் மாரியம்மன் கோயில் சாமியாட்டமும் அவனுக்குத்தான். தொண்ணூற்று நாலில் அவனுக்குப் புத்தி பிசகியது. லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் குடிதண்ணீர் விழும் பீலிக் குழாயில் யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தான். கைக்குழந்தையாக இருந்த மகள் ஷாமிளாவுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க விடவில்லை. குடத்தைத் தூக்கி வாசலில் அடித்தான். பிள்ளை நாக்கு வறண்டு துவண்டு போன பிறகுதான் லயத்து ஆட்கள் கதவை உடைத்து, அவனைக் கயிற்றால் கட்டி, தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். ஷாமிளா பிழைத்தது பெரும்பாடு.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஊசி. போடுகிறவர் ஸம்சுதீன், வயதான நர்ஸ். பேச்சுக் கொடுத்துக்கொண்டே குத்திவிடுவார்.

"நல்லெண்ணெயில கரைச்ச மருந்து தங்கச்சி. சதையில தங்கி ஒரு மாசத்துக்கு மெல்ல மெல்ல ஊறும். நான் சேவைக்கு வந்த காலத்துல இதெல்லாம் ஏது? கட்டிப் போடுவாங்க. மயக்காமலே தலைக்குக் கரண்ட் குடுப்பாங்க. சிலபேர் உள்ள போனா மூச்சில்லாம மையத்தாத்தான் வெளிய வருவாங்க. இப்ப பாருங்க, பஸ்ஸுல வந்து குத்திக்கிட்டு பஸ்ஸுல போறீங்க."

இன்னொன்றும் சொன்னார். "ஊசிய நிப்பாட்டினா மொதல்ல ஆள் நல்லாயிருவார். கை நடுங்காது, சிரிப்பார், வேல செய்வார். அதப் பாத்து ஏமாந்துராதீங்க. நோய் அதுக்குப் பின்னாலதான் வரும்."

ஜீவராணி தலையாட்டினாள். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

ஊசி அவன் காதில் கேட்ட குரல்களை நிறுத்தியது, உண்மைதான். ஆளையும் சேர்த்து நிறுத்திவிட்டது. முகம் இறுகிப் போனது, கடைவாயில் எச்சில் வழிந்தது. தேத்தண்ணிக் கோப்பை அவன் கையில் கடகடவென்று ஆடியது. கத்தி பட்ட மரமெல்லாம் காயம். கங்காணி அவனைப் புல்லு வெட்டப் போட்டார். திருவிழாவில் எவ்வளவு தப்படித்தும் சாமி அவன்மேல் இறங்கவில்லை. அடுத்த வருஷமும் அப்படியே. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது.

அந்தத் தோட்டத்தில் கங்காணியும் கோயில் தலைவரும் ஒரே ஆள், பழனியப்பன். தொண்ணூற்றேழு திருவிழாவுக்கு நாள் குறித்த கையோடு ஜீவராணியைக் கோயிலடிக்குக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் கேட்டார்.

"அலகு குத்துற ஒடம்புல ஆஸ்பத்திரி ஊசி ஏறுனா சாமி எப்புடிம்மா எறங்கும்? திருவிழா முடியட்டும். அப்பறம் கூட்டிட்டுப் போய்க் குத்திக்க. அதுக்குள்ள என்ன கெட்டு அவுலாகிறப் போவுது?"

கெட்ட மனுஷன் இல்லை அவர். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். இந்த நல்ல எண்ணக்காரர்களிடம்தான் 'முடியாது' என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. அவளுக்கும் ஆசை இருந்தது. அந்த நடுக்கம் ஒருதரம் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. கிளினிக் நாளன்று பஜாருக்குப் போய் அவனுக்கு மஞ்சள் வேட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். அடுத்த கிளினிக் நாளும் போகவில்லை.

முதலில் எச்சில் நின்றது. பிறகு கை நின்றது. ஷாமிளாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையைச் சுற்றினான். அவன் சிரித்தபோது ஜீவராணி அடுப்படியில் போய் நின்று அழுதாள், அவ்வளவு சந்தோஷம். பழனியப்பன் அவனை மறுபடியும் பால் வெட்டப் போட்டார். வெட்டின தடத்தில் விரலை ஓட்டிப் பார்த்து, "நான் சொல்லல?" என்றார்.

காப்புக் கட்டிய மறுநாள் காலையில் அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். மூக்கருகில் கொண்டுபோய் மோந்தான். அவளைப் பார்த்தான். வாசலில் ஊற்றிவிட்டு, "பல்லி விழுந்திருக்கு புள்ள," என்று சிரித்தான். கோப்பையில் பல்லியுமில்லை ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் பீலியடிக்குப் போனால் அங்கே அவன் நின்றுகொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பழனியப்பனிடம் ஓடினாள். "மாமா, அவர இன்னைக்கே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போகணும். எனக்கு பயமா இருக்கு."

"காப்புக் கட்டுன ஒடம்ப பஸ்ஸுல ஏத்துவியா? எல்லை தாண்டக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா? இன்னும் கொஞ்ச நாளு. பல்லக் கடிச்சிக்கிட்டு இரு."

இருந்தாள். அவன் இராப்பகலாகக் கோயிலிலேயே கிடந்தான். அங்கே தன் கையால் வெட்டிய இளநீரைத் தவிர, யார் கொடுத்த தண்ணீரையும் அவன் குடிக்கவில்லை. விரதம் கடுமையாக இருக்கிறான் என்று லயமே அவனைப் புகழ்ந்தது.

திருவிழாவன்று மாலை தப்பு அதிர்ந்தது. சாமியின் காலுக்கு ஊற்ற மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு ஜீவராணி முன்வரிசையில் நின்றாள், பிள்ளை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இருளப்பன் ஒரு துள்ளுத் துள்ளினான். கூட்டம் குலவையிட்டது. மூன்று வருஷத்துக்குப் பிறகு சாமி வந்திருக்கிறது, சும்மாவா?

"பீலித் தண்ணியில நஞ்சு கலந்திருக்கு," என்றான்.

தப்பு நின்றது. அன்று இதே வார்த்தைக்குத்தான் இதே ஆட்கள் அவனைக் கயிற்றால் கட்டினார்கள். இன்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"மாமா, இது சாமி இல்ல," என்றாள் ஜீவராணி. "இது அந்த நோய். ஒங்களுக்குத் தெரியும்."

"சாமி பேசறப்ப குறுக்க பேசாத." பழனியப்பன் கற்பூரத்தட்டை உயர்த்தினார். "யாரு கலந்தது தாயே? ஆளக் காட்டு. நாங்க பாத்துக்கிறோம்."

இருளப்பன் கையை நீட்டினான். விரல் கூட்டத்தின்மேல் மெதுவாக நகர்ந்து வந்து, குடத்தோடு நின்ற ஜீவராணியிடம் நின்றது. "அப்பா," என்று கூப்பிட்டாள் ஷாமிளா. பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். பின்னால் நின்றவர்கள் நெருங்கினார்கள்.

ஜீவராணி அந்தக் கையையே பார்த்தாள். அது கொஞ்சமும் நடுங்கவில்லை.