வண்டிக்காரர் பார்த்த அருவி

மூன்றாவது மூங்கில் பாலத்தின் நடுவில் நின்று கம்மூன் மூச்சு வாங்கினார். பின்னால் வந்த மருமகள் புவாலை கையை நீட்டினாள். அவர் அதைப் பிடிக்கவில்லை. பாலத்துக் கைப்பிடியைத் தட்டிப் பார்த்து, "நல்லாத்தான் கட்டியிருக்கான்" என்றார். நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

முப்பத்தோரு வருடம் அவர் ஆள் ஏற்றும் சிவப்பு வாடகை வண்டி ஓட்டியவர். குளிர்காலம் பிறந்தால், பாங்காக்கிலிருந்து வருகிறவர்களை மலைமேல் ஏற்றிவந்து அருவிக்குப் போகும் வாசலில் இறக்கிவிடுவார். அவர்கள் நடந்து போய்த் திரும்பும்வரை முன்சீட்டில் காலை நீட்டித் தூங்குவார். ஒருநாள்கூட உள்ளே போனதில்லை. போன மழைக்காலத்தில் டாக்டர், இதயம் பாதிதான் வேலை செய்கிறது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்றுவிட்டார். டிசம்பரில் குளிர் இறங்கியதும், ஒரு தடவை போய்ப் பார்த்துவிடலாம் என்று அவரே ஆரம்பித்தார். ஒன்றேகால் கிலோமீட்டர்தான்.

புவாலை சரியென்றதற்கு அவளுக்கும் ஒரு காரணம் இருந்தது. அவருடைய மகன் இறந்து நான்கு வருடமாகிறது. அவள் தாய்வீட்டுக்குப் போகாமல் அவரோடேயே இருந்துவிட்டாள். இப்போது பஸ் நிலையத்தருகே நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் தாவீ அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு, அவளும் சம்மதித்திருந்தாள். மாமனாரிடம்தான் இரண்டு வாரமாகச் சொல்ல வரவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து சொல்ல முடியாததை நடந்துகொண்டே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மூன்று பாலம் தாண்டியும் முடியவில்லை.

அருவிக்கு எதிரே வந்ததும் கம்மூன் தலையை அண்ணாந்து பார்த்தார்.

"இதுக்குத்தானா என்னை மூணு மணிநேரம் காக்க வெச்சாங்க?"

சாரல் முகத்தில் தெறித்தது. துடைத்துக்கொள்ளாமலே வெகுநேரம் நின்றார்.

"பரவால்ல. காக்கலாம்."

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். புவாலை தன் சால்வையை அவருக்குச் சுற்றிவிட்டு, பசையாய் ஒட்டும் அரிசிச் சோற்றைச் சுட்ட மிளகாய்த் துவையலோடு கொடுத்தாள். இரண்டு வாய்தான் சாப்பிட்டார். போதும் என்று கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அந்த நூடுல்ஸ்காரன் நேத்து நம்ம வீட்டு வழியா மூணு தடவ போனான். அவனுக்கு வேற ரோடு தெரியாதா?"

அவள் கூடையை மூடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"சும்மா சுத்த வேணாம், உள்ள வந்து ஒரு காப்பி குடிச்சிட்டுப் போகச் சொல்லு."

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா. காது இங்கதான இருக்கு." கண்ணை மூடி அவள் தோளில் சாய்ந்துகொண்டார்.

அவள் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். தாவீ கேட்டதை, தான் சரியென்றதை, குளிர் போனபிறகு வைத்துக்கொள்ளலாம் என்றிருப்பதை. அவருடைய மகனைத் தான் மறந்துவிடவில்லை என்பதையும் சொன்னாள். அதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று. கடைசியாக, அவரும் கூட வந்துவிட வேண்டும் என்றாள். கடைக்குப் பின்னால் காலை வெயில் விழுகிற அறை ஒன்று இருக்கிறது. தாவீ அதற்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறான்.

"வருவீங்கதான மாமா?"

தோளில் பாரம் மட்டும் கூடியிருந்தது. அவர் கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். மூக்கருகே விரலை வைத்தாள். மறுபடியும் வைத்தாள். எதுவரை கேட்டார் என்று தெரியவில்லை.

தடித்த கோட்டுப் போட்ட ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு பெஞ்சருகே வந்தாள்.

"அப்பா தூங்குறாரா? நாங்க அந்தப் பக்கம் நின்னு படம் எடுத்துக்கறோம்."

"ஆமாங்க" என்றாள் புவாலை.

அந்தப் பெண் உதட்டில் விரல் வைத்துப் பிள்ளைகளை அடக்கினாள். அடுத்து வந்த கூட்டமும் அதைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்துக்கு அங்கே எல்லோருமே கிசுகிசுவென்றுதான் பேசினார்கள். புவாலை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சால்வை நழுவியபோது மட்டும் அதை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

வனக்காவலர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தபோதுதான் அவரைக் கண்ணால் அழைத்தாள். அவர் குனிந்து நாடியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அங்கே போன் எடுக்காது. வாசலுக்கு ஓடினார்.

நான்கு பேர் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஏறி வந்தவர்கள் பாதையோரம் ஒதுங்கிக் கைகூப்பினார்கள். ஒரு வளைவில் புவாலையின் ஷூ நாடா அவிழ்ந்தது. அவள் குனிந்து கட்டி நிமிர்வதற்குள் தூக்கியவர்கள் மரங்களுக்குள் மறைந்துவிட்டார்கள். கீழிருந்து இளம்பெண் ஒருத்தி, தன் கூட்டத்தை விட்டுப் பின்தங்கி, குறுக்குப் படியில் மூச்சிரைக்க ஏறி வந்தாள். அவள் எதையும் பார்த்திருக்கவில்லை.

"இன்னும் ரொம்ப தூரமாக்கா?"

"பக்கந்தான். அந்த மரத்தத் தாண்டினா சத்தம் கேக்கும்" என்றாள் புவாலை. இரண்டு படி இறங்கியவள் திரும்பினாள். "மெதுவா போங்க. பாலமெல்லாம் ஈரமா இருக்கு."