பாதி பழசு, பாதி புதுசு

எங்கள் மருந்து போட்ட செல்களில் வைரஸ் பெருகுவதில்லை. அதே மருந்தை இன்னொரு லேபில் போட்டுப் பார்த்தால், வைரஸ் குட்டி போட்டுக் குடும்பம் நடத்துகிறது. இரண்டாவது முறையும் அப்படியே வர, அங்கே சோதனை செய்த பெண்ணிடம், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். அவ்வளவு ஆத்திரம். அவர்கள் கையிலும் மருந்து பலித்தால்தான் என் வேலையை நீட்டிப்பார்கள்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை, அது இன்னும் எரிச்சல். நீங்கள் செய்வதை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்றாள். பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் இழுத்து இழுத்துச் சொன்னேன். மருந்து செல்களை வாட்டும். அதனால் மருந்து போட்ட செல் தட்டுகளுக்கு மட்டும், வேறு செல்கள் செழிப்பாக வளர்ந்த பழைய திரவத்தைப் புதுத் திரவத்தோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவோம். எங்கள் பேராசிரியரின் கைப்பக்குவம் அது. கட்டுரையில் எழுதத் தோன்றாத அளவுக்குப் பழகிப்போனது.

"மருந்து போடாத தட்டுக்கு?" என்றாள்.

"அதுக்கு எதுக்கு? அது நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லும்போதே எனக்கு உறைத்தது.

கிருமி புகுந்த செல் சும்மா சாகாது. ஒரு வேதிப்பொருளை வெளியே விட்டு அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். அவை கதவைச் சாத்திக்கொள்ளும். நாங்கள் திரவம் எடுக்கும் செல்களில் ஏதோ ஒரு கிருமி சத்தமில்லாமல் குடியிருந்தால், அந்த எச்சரிக்கையைப் பழைய திரவத்தோடு நாங்களே ஊற்றிக்கொண்டிருக்கிறோம். மருந்துக்கு அதில் வேலையே இல்லை.

மருந்தில்லாமல், பழைய திரவத்தை மட்டும் கலந்து, மூன்று தட்டுகளில் வைரஸை விட்டேன். பெருகித் தொலையேன் சனியனே என்று தட்டைப் பார்த்துக் கெஞ்சினேன். மறுபடி பார்த்தபோது செல்கள் அத்தனையும் கொழுகொழுவென்று உயிரோடு கிடந்தன. அழுகை வந்தது.

பேராசிரியர் தட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஒரு தட்டை வைத்து முடிவுகட்டக் கூடாது என்றார். மூன்றும் இப்படித்தான் என்றேன். உன் நீட்டிப்புக்காக மேலிடத்தில் பேசி வைத்திருக்கிறேன், நீயே கெடுத்துக்கொள்ளாதே என்றார். அது பரிவா மிரட்டலா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன் சார். உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே."

"என்ன அவசரம்?"

"லேட் பண்ணியிருந்தா, எனக்கே மனசு மாறியிருக்கும்."