ஒன்பது பின்னும் வடிவின் காதும்

நாலாயிரத்து இருநூறு ரூபாய், என் மனைவி வடிவின் இடது காதுக்கு நான் வாங்கிய விலை அது, செங்கல் கனத்தில் ஒரு பழைய லேப்டாப் மஞ்சள் பைக்குள் ஏறி, அம்பத்தூர் லேத் பட்டறை ஞானதுரையின் கையில் ஆடி ஆடி ரிச்சி தெரு முனையைத் தாண்டுகிறது, நான் என் கம்ப்யூட்டர் கடைக் கல்லாவில் நின்று நோட்டை எண்ணிக்கொண்டிருக்கிறேன், இரண்டாயிரத்து ஐநூறில் ஆரம்பித்தவனை இவ்வளவு தூரம் ஏற்றிவிட்ட குஷியில் அவனுக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், கண்ணை மூடினால் அந்தப் பை இன்னும் ஆடுகிறது, கூப்பிட்டால் திரும்பிவிடுவான் போல அத்தனை பக்கத்தில், கூப்பிடத்தான் வாய் வருவதில்லை. அந்த லேப்டாப்பின் முதுகில் ஒன்பது பின் வைத்த சீரியல் போர்ட் இருந்தது, இப்போது வருகிற கம்ப்யூட்டர்களில் அது கிடையாது, வடிவுக்கு வலது காது சின்ன வயதுக் காய்ச்சலோடு போயிற்று, இடது காது ஒரு மிஷினின் தயவில் ஓடுகிறது, எந்தச் சத்தத்தை எவ்வளவு தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று அந்த மிஷினுக்குச் சொல்லித்தருகிற சாஃப்ட்வேர் விண்டோஸ் தொண்ணூற்றெட்டு காலத்துச் சரக்கு, ஒன்பது பின் வழியாகத்தான் பேசும், வேறு வாசலில் நின்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. காது பார்க்கிற ரெஜினா மேடம் ஓய்வு பெற்ற அன்று சிடியையும் சோப்பு டப்பா அளவு இணைப்புப் பெட்டியையும் என் கையில் கொடுத்து, நீங்களே கம்ப்யூட்டர்காரர், வருஷத்துக்கு ஒரு தடவை போட்டுச் சரி பண்ணிக்குங்க, உங்ககிட்ட இருக்கிற அந்த ஒன்பது பின் லேப்டாப்பை மட்டும் யாருக்கும் தள்ளிவிட்டுராதீங்க என்றார், அதெப்படி மேடம் என்று சிரித்தேன், நல்லாத்தான் சிரித்தேன்.

விற்காத சரக்கு என்று ஒன்று எங்கள் வீட்டில் இருந்ததில்லை, அப்பாவுக்குப் பாரிமுனையில் குடைக் கடை, ஒரு ஐப்பசி மழையில் தன் தலைக்குப் பிடித்திருந்த குடையையே நடுரோட்டில் விலை படிந்ததும் கொடுத்துவிட்டுச் சொட்டச் சொட்ட வந்து நிற்கிறார், அம்மா துண்டை வீசுகிறாள், இவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுகிறார், நானும் அப்படித்தான், அடுத்த சரி பார்ப்புக்கு இன்னும் எட்டு மாதம் கிடக்கிறது, அதற்குள் இதுபோல் பத்து வராதா என்று கொடுத்துவிட்டேன். எட்டு மாதம் எங்கே, ஆறே வாரம், கொடியில் துணி எடுக்கப் போனவள் மழையில் நனைந்தாள், மிஷினும் நனைந்தது, ரிப்பேர்காரன் காய வைத்துக் கொடுத்தான், உள்ளே இருந்ததெல்லாம் அழிஞ்சுபோச்சு சார், கம்ப்யூட்டர்ல போட்டு மறுபடி ஏத்தணும், அதுவரைக்கும் இது வெறும் அடைப்பான்தான். புதுசாக ஒன்று வாங்கலாம் என்று ஒரு லட்சத்துச் சொச்சத்துக்கு ஒன்றைப் பத்து நாள் மாட்டிப் பார்த்தாள், வேண்டாங்க, இதுல உங்க குரல் ரேடியோவுல மார்க்கெட் விலை சொல்றவர் மாதிரி இருக்கு, எனக்குப் பழகினதே வேணும் என்று கழற்றி வைத்துவிட்டாள்.

ஞானதுரைக்குப் போன் போட்டேன், வேண்டும் என்பது குரலில் தெரிந்தால் விலை ஏறிவிடும், இது எனக்குத் தாய்ப்பாலோடு வந்த பயம், அதனால் கொட்டாவி விட்டபடி, என்ன தம்பி, அந்தப் பழைய லேப்டாப் சும்மாதானே கிடக்கு, ஒரு கஸ்டமர் கேட்டான், அவசரமில்ல, இருந்தா பாரு என்கிறேன், பார்க்கலாம் அண்ணாச்சி என்கிறான், போனை வைத்துவிட்டு நாலு நாள் அவனே கூப்பிடட்டும் என்று காத்திருக்கிறேன், அந்த நாலு நாளில் அவன் ஒரு லேத்தை ஓசூர் பார்ட்டிக்கு விற்று, அதை ஓட்டுகிற லேப்டாப்பையும் கூடவே லாரியில் ஏற்றிவிட்டான், ஓசூரில் லாரியிலிருந்து இறக்கும்போதே அது நசுங்கிப்போயிற்றாம். தை மாதம் கேபிள் வாங்கக் கடைக்கு வந்தவன் பெஞ்சில் கிடந்த காது மிஷினைப் பார்த்து விஷயம் கேட்டான், சொன்னேன், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான், என்ன அண்ணாச்சி நீங்க, போன் பண்ணப்ப என் மேஜை மேலதான இருந்துச்சு, அக்கா காதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காசே வாங்காம கொண்டாந்து வச்சிருப்பேனே, நான் ஏதோ யாவாரம் பேசுறீங்கன்னு நெனச்சேன். யாவாரம்தான் பேசினேன்.

வடிவுக்கு இதெல்லாம் தெரியாது, அந்தப் புது மிஷினைத் திருப்பிக் கொடுத்த பிறகு நான் பில் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டியது இவ்வளவுதான், மிஷின் ரிப்பேர், காதும் கொஞ்சம் இறங்கியிருக்கும் போல, அந்தப் போல இருக்கிறதே, நாளைக்கு யாராவது பிடித்தால் நழுவ வழி வைத்துக்கொண்டு போடுகிற சொல், அவள் தாளை வாங்கிப் படித்து, நாலாக மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள், அதன் பிறகு மிஷினைப் பற்றிக் கேட்கவே இல்லை, தூத்துக்குடித் தங்கச்சியோடு தினம் அரை மணி நேரம் போனில் சிரிப்பவள் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள், பால்காரன் மணி கேட்காதென்று கதவைப் பார்த்தபடி ஆறு மணியிலிருந்தே நிற்பாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசப் பழகிவிட்டேன், முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வேன், உதட்டைப் படித்துவிடுவாள், சுவரைப் பார்த்து, ஃபிரிட்ஜைப் பார்த்து, எல்லாவற்றையும் சொல்வேன், சொல்லி முடித்தால் கொஞ்சம் தூக்கம் வரும்.

ஏழு மாதம், ஒன்பது பின் வைத்த பழையது தெரு முழுக்கத் தேடியும் ஓடுகிற நிலையில் கிடைக்கவில்லை, எத்தனை புதுக் கம்ப்யூட்டர்கள், ஒன்றும் மசியவில்லை, இன்ஸ்டால் பண்ணப் போனால் இந்தப் புரோகிராம் இங்கே ஓடாது என்று முகத்திலடித்தது, சரியென்று புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரைக் கட்டி அதில் தொண்ணூற்றெட்டைக் குடிவைத்தேன், அது ஓடிற்று, போர்ட் எங்கே என்றது, யூஎஸ்பியிலிருந்து ஒன்பது பின்னுக்கு மாற்றுகிற வயர் நூற்றெண்பதுக்கு வாங்கினேன், போலிச் சிப், அடுத்தது முந்நூறு, அதுவும் போலி, என் கடையிலேயே நான் விற்றது, அசலைத் தேடிப் பிடித்துச் செருகினால் புதுக் கம்ப்யூட்டர் அந்தப் போர்ட்டுக்கு ஏழாம் நம்பர் கொடுத்தது, பழைய சாஃப்ட்வேருக்கு நாலுக்கு மேல் எண்ணத் தெரியாது, ஏழை ஒன்றாக்கினேன், பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது, திரையில் மிஷின் கிடைத்தது என்று வந்தது, மூச்சு விடுவதற்குள் கிடைக்கவில்லை என்று மாறியது, கிடைத்தது, கிடைக்கவில்லை, மூன்று வாரம் இதே ஆட்டம்.

ஞாயிற்றுக்கிழமை, தெருவில் எல்லா ஷட்டரும் இறங்கியிருக்கிறது, மத்தியான வெயில், வடிவைக் கடைக்குக் கூட்டி வந்து ஸ்டூலில் உட்கார வைத்து மிஷினைக் காதில் மாட்டி வயரைப் பெட்டியில் சொருகியிருக்கிறேன், எதுக்குங்க இந்த வேலை, செத்த காதுக்கு வைத்தியமா என்கிறாள், சத்தமாக, தன் குரல் தனக்குக் கேட்காதவர்கள் பேசுகிற சத்தம். நான் திரையைப் பார்த்தபடி அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து போகிறேன், வயரின் உள்ளே, யாரும் போகாத மூலையில், காத்திருக்கும் நேரம் பதினாறு மில்லி செகண்ட் என்று ஒரு வரி இருக்கிறது, அடப்பாவி, இந்த வயர் ஒரு ஷேர் ஆட்டோ, ஆள் சேர்ந்தால்தான் கிளம்புவேன் என்று பதிலைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது, அந்தக் காலத்து சாஃப்ட்வேர் கேட்டவுடன் பதில் வராவிட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுகிறது, பதினாறை ஒன்றாக்கினேன், கிடைத்தது என்று வந்தது, அப்படியே நின்றது, மேடம் சிடியில் சேமித்து வைத்திருந்த பழைய அளவுகள் ஒவ்வொரு கட்டமாக மிஷினுக்குள் ஏறுகின்றன, நான் பழக்க தோஷத்தில் திரையிடம் புலம்பிக்கொண்டிருக்கிறேன், இதுக்காடா ஏழு மாசம், அன்னைக்கு அந்த லேப்டாப்பை நாலாயிரத்து இருநூறுக்கு விக்காம இருந்திருந்தா இவ காது இவ கிட்டயே இருந்திருக்கும்.

யாருக்கு வித்தீங்க.

மெதுவான குரல், அளவான குரல், தன் குரல் தனக்குக் கேட்கிறவளின் குரல், எனக்குத் திரும்பத் தைரியமில்லை, வாயில் பொய் தயாராகவே வந்து நின்றது, கடைச் சரக்கும்மா, வேற லேப்டாப், அது நல்ல பொய், படியக்கூடிய பொய், என்னவோ அதை விற்கத் தெம்பில்லை, திரும்பி உட்கார்ந்து ஞானதுரையிலிருந்து ஓசூர் வரை சொன்னேன், கொட்டாவி விட்டதை, சுவரிடம் புலம்பியதைக்கூடச் சொன்னேன். அவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்தாள், மடிப்பில் கிழிந்திருக்கிறது, அப்ப என் காது இறங்கல என்றாள், இல்ல வடிவு, மிஷின்தான் என்றேன், ஏழு மாசமா செத்தவங்களுக்கு அழுவுற மாதிரி நான் என் காதுக்கு அழுதிருக்கேன், தங்கச்சி நான் பேச மாட்டேங்கறேன்னு கோவிச்சுக்கிட்டு போனே பண்றதில்ல, நீங்க பக்கத்துல உக்காந்து சொவத்துகிட்ட பேசிட்டிருந்திருக்கீங்க. நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன், பேச்சு அப்புறம், முதல்ல மேடம் போட்டுப் பாப்பாங்களே அந்த டோனைப் போடுங்க, எவ்வளவு கேக்குதுன்னு நானே பாக்கணும் என்றாள், அந்தத் தாளையே திருப்பி வைத்து, கல்லாவிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டாள்.

எட்டு ஸ்வரம், கீழிருந்து மேலே, ஒவ்வொன்றாக அமுக்குகிறேன், விரலைத் தூக்குகிறாள், ஒரு கோடு போடுகிறாள், ஐந்தாவது வரை விரல் உடனே எழுந்தது, ஆறாவதில் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள், மேலும் ஏற்றினேன், இல்லை, ஏழு இல்லை, எட்டு இல்லை, அவை போன வருஷம் கேட்டவை, ஏழு மாதம் சும்மா கிடந்ததில் காது நிஜமாகவே இறங்கியிருக்கலாம், பழகினால் திரும்பலாம், தெரியாது, நான் அந்தப் போலவைப் போடவில்லை, தெரியாது என்றே சொன்னேன். அவள் தாளை என் பக்கம் தள்ளினாள், ஐந்து கோடு வரவு, மூன்று பாக்கி, பாக்கிக்கு எதிரே என் பெயரை எழுதியிருந்தாள்.