சிஸ்டம் செய்த பிடித்தம்

விடியுமுன்னே கொதிகலன் சீறத் தொடங்கிவிடும். விடுதிகளிலிருந்து வந்து குவியும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, உதறி, இயந்திரத்தில் திணிப்பதற்குள் பெண்களுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். சலவைச் சோடா நெடியில் கண் எரியும்.

அந்தச் சலவைக்கூடத்துக்கு முதலாளி புதுக் கணக்குமுறையைக் கொண்டுவந்தார். "இனிமே வருகை, கூலி எல்லாம் கம்ப்யூட்டர்தான், க்ளவுட்ல."

"மேகத்துலயா? மழை பேஞ்சா எங்க கூலி கரைஞ்சிடாதே?" என்றாள், கூடத்தில் எல்லாரும் வாயாடி என்று கூப்பிடும் பெண். முதலாளிகூடச் சிரித்தார்.

சம்பள நாளன்று யாரும் சிரிக்கவில்லை. தேய்ப்பு இயந்திரத்தில் நின்ற பெரியக்காவுக்கு அந்த மாதம் நீராவி பீறிட்டு முன்கை வெந்துபோயிருந்தது. அவள் வீட்டில் கிடந்த நாட்கள் மட்டுமல்ல, அவளை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய வாயாடியின் பொழுதும் கூலியில் பிடித்தமாகியிருந்தது. எல்லாரும் முதலாளியின் அறைக்குள் நுழைந்தார்கள்.

"நான் பிடிக்கலம்மா. சிஸ்டம் தானா பிடிச்சிருச்சு. என் கையில என்ன இருக்கு?"

"உங்க கையில ஒண்ணும் இல்லதான். என் கையப் பாருங்க." பெரியக்கா கட்டைப் பிரித்தாள். தோல் உரிந்து சிவந்திருந்தது.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மெஷின்கிட்ட போய் நியாயம் கேக்க முடியுமா?"

மூலையில் கணினி முன் இருந்த கணக்குப் பெண் எழுந்தாள். கூடத்துப் பெண்களோடு அவள் அதிகம் பேசியதில்லை.

"சிஸ்டத்துக்கு என்ன சார் தெரியும்? வேலை நின்னா கூலி கிடையாதுன்னு போடச் சொன்னது நீங்க. போட்டது நான். சொன்னீங்கன்னா இப்பவே மாத்திடலாம்."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் கணவனின் முகம் அவள் நினைவுக்கு வந்தது. "வேணும் சார். அதனாலதான் இத்தனை நாள் வாயத் திறக்கல."

"அப்ப வெளிய போ!"

அவள் பையை எடுத்தாள். பெரியக்கா நல்ல கையால் அவள் தோளை அணைத்துக்கொண்டாள். "வா தங்கச்சி. நாங்களும் வர்றோம்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கொதிகலன்காரர் போய்த் தீயை அணைத்தார். சீறல் மெல்ல அடங்கியது.

"விடுதிக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" முதலாளி கத்தினார்.

"சிஸ்டத்தையே சொல்லச் சொல்லுங்க!" என்றாள் வாயாடி.

வெளிக்கதவருகே துவைக்காத மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. முதலாளி வெளியே வரவில்லை. நாளைக்கு அடுப்பெரியுமா என்ற கவலை ஒவ்வொரு முகத்திலும் இருந்தது. ஒருத்தியும் எழுந்து போகவில்லை.

பக்கத்து அச்சகத்திலிருந்து இரண்டு பேர் மைக்கறையோடு வந்தார்கள். "எங்களுக்கும் இந்தக் கணக்குதான் வரப்போகுதாம். இங்க என்ன நடந்துச்சு?"

கணக்குப் பெண் நகர்ந்து இடம்விட்டாள்.

"உக்காருங்கண்ணே. முதல்லேருந்து சொல்றேன்."